அழுத்திக்கிட்டேயா, அழுத்திட்டா? தொடுதிரைக் கையேடு ஒன்றின் மொழி பற்றி

இது கதை விமர்சனமும் இல்லை, கவிதை விமர்சனமும் இல்லை. ஒரு கணினிக் கையேட்டைப் பற்றிய விமர்சனம். “இது நமக்கு எதுக்கு?” என்று கேட்பவர்களுக்காக முதலில் என் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் தவணையில் உயர்நிலை 2 வகுப்புக்கு மரபுத்தொடர்ப் பயிற்சி ஒன்றைக் கைக்கணினியில் செய்யும்படி தயாரித்திருந்தேன். இடப்பக்கம் ‘கம்பி நீட்டுதல்’, ‘கயிறு திரித்தல்’, ‘கை கழுவுதல்’, ‘கையை விரித்தல்’. வலப்பக்கம் அவற்றின் பொருள்கள். பொருளை இழுத்துக்கொண்டுபோய் மரபுத்தொடருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மேலே நான் எழுதிய கட்டளை இதுதான்: “சரியான பொருளை அழுத்தி நகர்த்துக.” இலக்கணப் பிழை கிடையாது, சந்திப் பிழை கிடையாது. இரண்டு முறை பார்த்துத்தான் அனுப்பினேன்.

வகுப்பில் என்ன ஆனது தெரியுமா? சிலர் ஒரு தட்டு தட்டிவிட்டு விரலை எடுத்து, பிறகு நகர்த்திப் பார்த்தார்கள். ஒன்றும் நகரவில்லை. சிலர் நன்றாக அழுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். எழுத்துகள் நீல நிறமாகி ‘நகலெடு’ என்ற பட்டியல் வந்து நின்றது. இரண்டு பேர் விரலால் வேகமாகத் தள்ள, பக்கமே மேலே ஓடிப்போனது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்திக் கேட்டாள்: “டீச்சர், அழுத்திக்கிட்டே நகர்த்தணுமா, இல்ல அழுத்திட்டு நகர்த்தணுமா?”

அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாரம்தான் அதே வகுப்பில் வினையெச்சம் நடத்தியிருந்தேன். ‘செய்து’ என்னும் வாய்பாடு, இறந்தகாலம் காட்டும், எல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டாயிற்று. ஆனால் ‘அழுத்தி’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு செயல்கள் ஒளிந்திருப்பதை அந்தப் பெண் கேட்கும்வரை நான் கவனிக்கவில்லை. ‘கதவைத் தட்டி நுழைந்தான்’ என்றால் தட்டுவது முடிந்துவிட்டது. ‘கையைப் பிடித்து நடந்தான்’ என்றால் பிடி இன்னும் விடவில்லை. ‘அழுத்தி நகர்த்துக’ இந்த இரண்டில் எது? நம் பேச்சுத்தமிழில் இந்தச் சந்தேகமே வராது. ‘அழுத்திக்கிட்டே’, ‘அழுத்திட்டு’ என்று தெளிவாகப் பிரித்துவிடுவோம். எழுத்துத்தமிழிலும் ‘அழுத்திக்கொண்டே’, ‘அழுத்திவிட்டு’ இருக்கின்றன. பயிற்சித்தாள் எழுத உட்கார்ந்தால் மட்டும் ஏனோ அவற்றை விரட்டிவிட்டு, ‘சுருக்கமா இருக்கட்டும்’ என்று ‘அழுத்தி’யை வைத்துக்கொள்கிறோம்.

இதை என்னுடைய முன்னாள் மாணவர் ஒருவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் மென்பொருள் படிக்கிறார். “டீச்சர், இந்தச் சண்டை எங்களுக்கும் இருக்கு. இதப் படிச்சுப் பாருங்க” என்று ஒரு கையேட்டின் பக்கங்களை அனுப்பினார். அதைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன்.

கையேட்டின் பெயர் ஜிடிகே. திரையில் நாம் பார்க்கும் பொத்தான், பட்டியல், எழுத்துப்பெட்டி முதலியவற்றை ஒவ்வொரு மென்பொருளாளரும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஆயத்தமாகச் செய்துவைத்த கருவித்தொகுதிகள் உண்டு. அவற்றில் ஜிடிகேயும் ஒன்று. ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளுக்காக 1990களில் தொடங்கியது. லினக்ஸ் கணினிகளில் உள்ள ‘கினோம்’ திரைச்சூழல் இன்று இதன்மேல்தான் நிற்கிறது. 2014இல் வெளிவந்த 3.14ஆம் பதிப்பில் தொடுசைகைகளுக்கென்று தனி வகுப்புகள் சேர்ந்தன: தட்டுதல், நீண்ட அழுத்தம், இழுத்தல், ஸ்வைப், இரு விரல் பெரிதாக்கல், சுழற்றல். 2020 கடைசியில் வந்த 4ஆம் பதிப்பிலும் அவை தொடர்கின்றன.

இந்த வகுப்புகள் ஒவ்வொன்றும் சில ‘சமிக்ஞை’களை எழுப்பும். சமிக்ஞையைப் பள்ளி மணி என்று வைத்துக்கொள்ளலாம். மணி எப்போது அடிக்க வேண்டும் என்பதைக் கருவித்தொகுதி முடிவுசெய்யும். அடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை மென்பொருளாளர் எழுதிக்கொள்வார். ஆகவே கையேடு எழுதுபவருக்கு வேலை மிகச் சின்னது, மிகக் கடினமானது. இந்த மணி சரியாக எந்தக் கணத்தில் அடிக்கும், அடிக்கும்போது கையில் என்ன தகவல் கொண்டுவரும், எப்போது அடிக்காது, இவ்வளவுதான். இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். நம் கட்டளை வாக்கியங்களைப் போலவே.

முதலில் பாராட்டிவிடுகிறேன். நீண்ட அழுத்தத்துக்கான பக்கம் நல்ல எழுத்து. அதில் இரண்டு சமிக்ஞைகள். ஒன்றின் பெயர் ‘பிரெஸ்டு’, அதாவது அழுத்தப்பட்டது. மற்றொன்று ‘கேன்சல்டு’, கைவிடப்பட்டது. பெயரை மட்டும் பார்த்தால், விரல் அழுத்தி எடுத்த பிறகு ‘பிரெஸ்டு’ வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆங்கிலத்தின் இறந்தகால உருவம் அப்படி ஏமாற்றும். பக்கத்தைப் படித்தால் விஷயம் வேறு. விரல் அசையாமல், எடுக்கப்படாமல், குறித்த நேரத்தைத் தாண்டும் கணத்திலேயே மணி அடித்துவிடும். விரல் அப்போதும் திரைமேல்தான் இருக்கிறது. தமிழில் சொல்வதானால் அது ‘அழுத்தியபின்’ அன்று, ‘அழுத்திக்கொண்டிருக்கும்போதே’. பெயர் கெடுத்ததை விளக்கம் திருத்திவிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது, அந்தப் பக்கம் தோல்வியையும் சொல்கிறது என்பது. நேரம் ஆகுமுன் விரலை எடுத்துவிட்டால், அல்லது தொட்ட இடத்திலிருந்து விரல் ரொம்பத் தள்ளிப்போய்விட்டால், ‘கேன்சல்டு’ வரும். இரண்டே இரண்டு காரணம், இரண்டையும் பெயர் சொல்லிவிட்டார்கள். என் பயிற்சித்தாளில் ‘அழுத்தியும் நகரவில்லை என்றால்?’ என்ற கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. உங்கள் தாள்களிலும் இருக்காது என்றே நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் இதே பக்கத்திலேயே ஒரு நழுவல். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பதற்குச் சமிக்ஞையின் விளக்கம், ஜிடிகேயின் இயல்பு அமைப்பு சொல்லும் நேரத்துக்கு மேல் என்ற பொருளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எண் வேண்டுமென்றால் அமைப்புகளுக்கான வேறொரு பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே 500 மில்லிவினாடி, அதாவது அரை வினாடி. அந்த நேரத்தைப் பாதியாகக் குறைக்கவும் இரு மடங்காகக் கூட்டவும் வழி உண்டு. கை நடுங்கும் முதியவர்களுக்கும், விரல் மெதுவாக நகரும் பிள்ளைகளுக்கும் இது எவ்வளவு முக்கியம்! ‘ரொம்பத் தள்ளிப்போனால்’ என்பது எவ்வளவு தூரம் என்றும் அந்தப் பக்கத்தில் இல்லை. நம் பாடநூல்களில் ‘சிறிது நேரம் ஊறவிடவும்’ என்று வருமே, அந்த மாதிரி. சமையல் தெரிந்தவருக்குப் புரியும். தெரியாதவருக்குத்தானே குறிப்பு?

அடுத்து ஸ்வைப். இந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு சந்தோஷம் கிடைத்தது. ஸ்வைப்புக்கு என்ன தமிழ் என்று நாம் எத்தனை முறை பேசியிருப்போம்! தள்ளு, தேய், வழி, நகர்த்து என்று ஆளுக்கொன்று சொல்வோம். எந்தச் சொல்லும் ஒட்டாது. கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். விரல் தொட்டு, நகர்ந்து, நகர்ந்து, எழும்பிய பிறகு சமிக்ஞை வரும். அது கொண்டுவரும் தகவல் தூரம் இல்லை. விரல் எழும்பிய கணத்தில் அதற்கு இருந்த வேகம், குறுக்காக எவ்வளவு, நெடுக்காக எவ்வளவு, வினாடிக்கு இத்தனை படப்புள்ளி என்ற கணக்கில். எழும்பும் நேரத்து வேகம்தான் இந்தச் சைகையின் உயிர்.

அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: சுண்டு. கேரம் பலகையில் நாம் செய்வது அதைத்தான். விரல் காயைவிட்டுப் பிரியும் கணத்து வேகம்தான் காயை ஓட்டுகிறது. கேரத்துக்கே ‘சுண்டாட்டம்’ என்ற பெயர் உண்டு. அகராதியைப் புரட்டிக் கண்டுபிடித்த சொல் இல்லை, பிள்ளைகளின் வீட்டில் இருக்கிற சொல். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் “அப்ப ஸ்வைப் பண்றதுக்குப் பேரு சுண்டலா, டீச்சர்?” என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவைத்துவிட்டான். சரி, தொழிற்பெயரைச் ‘சுண்டுதல்’ என்றே வைத்துக்கொள்வோம்.

இங்கே நான் சொல்ல வருவது சொல்லாக்கம் பற்றி அல்ல. ‘ஸ்வைப்’ என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. தமிழில் புழங்கிப்போன சொல்லை விரட்டுவது என் வேலை இல்லை. ஆனால் ஒரு செயலை, அது எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்று வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால்தான் அதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்பதே தெரியும். நாம் தலைகீழாகப் போகிறோம். முதலில் ஆங்கிலச் சொல்லை எடுத்துவைத்துக்கொண்டு அதற்கு நிகராக ஒன்றைத் தேடுகிறோம். விரலை யாரும் பார்ப்பதில்லை.

இரு விரல் சைகைக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘பிஞ்ச்’ என்று பரவலாகச் சொல்வார்கள், அதை அப்படியே ‘கிள்ளு’ என்று மொழிபெயர்த்த குறிப்புகளையும் பார்த்திருக்கிறேன். கிள்ளினால் வலிக்கும், நகம் படும். படத்தைப் பெரிதாக்க நாம் கிள்ளுவதில்லை, விரல்களை விரிக்கிறோம். சிறிதாக்கக் குவிக்கிறோம். ஜிடிகே சமிக்ஞைக்குப் பெயர் வைக்கும்போது கையைப் பற்றியே பேசவில்லை. இரண்டு தொடுபுள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் மாறும்போதெல்லாம் ‘அளவு மாறியது’ என்று மணி அடிக்கிறது. விரித்தாலும் குவித்தாலும் ஒரே மணி. இது நல்ல முடிவு.

ஆனால் அந்த மணி கொண்டுவரும் எண்ணுக்கு எழுதிய விளக்கம் எனக்கு உறுத்துகிறது. அதை ‘டெல்டா’ என்கிறார்கள், தொடக்கநிலையை ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். டெல்டா என்றால் கணக்கில் வேறுபாடு. வேறுபாடு என்றால் தொடக்கத்தில் அது 0 ஆக இருக்க வேண்டும். இங்கே தொடக்கத்தில் அது 1. விரல்களுக்கு இடையிலான தூரம் இரு மடங்கானால் 2, பாதியானால் 0.5. அதாவது இது வேறுபாடே இல்லை, விகிதம். பக்கத்தை முழுதாகப் படித்தால் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பதை வைத்து ஊகித்துவிடலாம், உண்மைதான். ஆனால் வாசகர் ஊகித்துத்தான் சரியான பொருளுக்கு வர முடியும் என்றால், எழுதியவர் ஒரு தவறான சொல்லைப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். கட்டுரை திருத்தும்போது சிவப்பு மையில் வட்டம் போடுவோமே, அந்த வட்டம் இங்கேயும் உண்டு. சுழற்றல் பக்கத்தில் இந்தக் குழப்பம் இல்லை. இப்போதைய கோணம் ஒன்று, தொடக்கக் கோணத்திலிருந்து எவ்வளவு மாறியது என்பது மற்றொன்று, இரண்டும் ரேடியனில் என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ‘டெல்டா’ டெல்டாவாகவே இருக்கிறது. ஒரே தொகுதியில் அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்!

என் உண்மையான புகார் இழுத்தல் பக்கத்தின்மேல்தான். அங்கே மூன்று சமிக்ஞைகள்: இழுவைத் தொடக்கம், இழுவை நகர்வு, இழுவை முடிவு. தொடக்கம் தொட்ட இடத்தைத் தரும். மற்ற இரண்டும் அந்த இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத் தரும். அழகான அமைப்பு. தொடக்கத்துக்கு அவர்கள் எழுதியிருக்கும் விளக்கத்தின் சாரம், இழுத்தல் தொடங்கும்போதெல்லாம் இது எழும் என்பது. அவ்வளவுதான். படித்தால் ‘சரிதானே’ என்று தோன்றும். இழுத்தல் எப்போது தொடங்குகிறது? விரல் நகர ஆரம்பிக்கும்போது என்றுதான் நீங்களும் நானும் சொல்வோம்.

முன்னாள் மாணவர் ஒரு சின்ன நிரல் எழுதிக் காட்டினார். விரலைத் திரையில் வைத்தார், இம்மிகூட நகர்த்தவில்லை. ‘இழுவைத் தொடக்கம்’ வந்துவிட்டது! விரலை எடுத்தார். ‘இழுவை முடிவு’ வந்தது. நடுவில் இழுவையே நடக்கவில்லை. நிரல் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. விரல் தொட்ட கணமே சைகை தொடங்கியதாகக் கணக்கு, அந்தக் கணமே மணி. இது நிரலின் குறை அன்று. தொட்ட இடத்தை முதலிலேயே தெரிந்துகொண்டால்தான் பிறகு விலகலைக் கணக்கிட முடியும், ஆகவே அதற்கு நியாயம் இருக்கிறது. குறை வாக்கியத்தில். ‘இழுவைத் தொடக்கம் இழுத்தல் தொடங்கும்போது எழும்’ என்ற வாக்கியம் பெயரைப் பிரித்துத் திருப்பி எழுதியது மட்டும்தான். அதில் புதுச் செய்தி ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகள் ‘நூலகம் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு ‘நூல்கள் உள்ள அகம்’ என்று எழுதினால் மதிப்பெண் கொடுப்போம். ஆனால் நூலகத்தைப் பார்த்தே இராத ஒருவருக்கு அந்த விடையால் என்ன பயன்?

இதே வாக்கியத்தை ‘விரல் திரையைத் தொட்டவுடன், நகர்வதற்கு முன்பே, இது எழும்’ என்று எழுதியிருந்தால் போதும். மூன்றே மூன்று சொல் கூடுதல். ‘தொட்டவுடன்’, ‘நகர்வதற்கு முன்பே’. தமிழில் இந்தக் காலக்கணக்கைச் சொல்ல எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: தொட்டதும், தொட்டவுடன், தொட்டபடி, தொட்டிருக்கும்போது, தொட்டுக்கொண்டே, தொட்டு எடுத்தபின், தொடாமலே. நாம் இவற்றை எச்சம், துணைவினை என்று வகைப்படுத்தி மனப்பாடம் செய்யவைக்கிறோம். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கணத்தில் அடிக்கும் மணி என்று ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

இன்னும் ஒரு சமிக்ஞையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லாச் சைகைகளுக்கும் தாயான வகுப்பு ஒன்று உண்டு. அதில் ‘கேன்சல்’ என்றொரு மணி. ஏன் தேவைப்படுகிறது என்றால், நீளமான பட்டியல் ஒன்றில் பொத்தான்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விரல் ஒரு பொத்தானின்மேல் படுகிறது. பொத்தானை அமுக்கவா, பட்டியலை உருட்டவா? தொட்ட கணத்தில் யாருக்கும் தெரியாது. பொத்தானும் காத்திருக்கும், பட்டியலும் காத்திருக்கும். விரல் மேலே நகர்ந்தால் பட்டியல் ‘இந்தத் தொடுகை எனக்குரியது’ என்று உரிமை கோரும். அதோடு பொத்தானுக்கு இல்லை என்றாகிவிடும். பொத்தானிடம் ‘கேன்சல்’ மணி அடிக்கும். அப்போது அது, அந்தத் தொடுகையைப் பற்றித் தான் வைத்திருந்த எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும் என்று கையேடு கண்டிப்பாகச் சொல்கிறது. இந்தப் பகுதி கடினமான நடை. நான் மூன்று முறை படித்தேன், மாணவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். ஆனாலும் இதைத்தான் அந்தக் கையேட்டின் மிக நேர்மையான பகுதி என்பேன். சாதாரணமாக ஒரு குறிப்பு எழுதுபவர், வாசகர் சொன்னபடியே செய்வார், எல்லாம் சரியாக நடக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுவார். இங்கே அப்படியில்லை. பாதியில் வேறொருவர் வந்து பிடுங்கிக்கொண்டால் நீ என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறார்கள். என் வகுப்பில் வேகமாகத் தள்ளி, பக்கமே மேலே ஓடிப்போன இரண்டு பிள்ளைகளுக்கும் நடந்தது இந்த வகைதான். அவர்கள் பொருளை இழுத்தார்கள், பக்கம் உரிமை கோரிவிட்டது. “ஒழுங்கா செய்யுங்கடா” என்று நான் அவர்களைத்தான் கடிந்துகொண்டேன்.

ஒரே கையில் இவ்வளவு நேர்மையும் இவ்வளவு அலட்சியமும் எப்படி? எனக்குத் தோன்றுவது இது. ஜிடிகேயின் விளக்கங்கள் தனி நூலாக எழுதப்படுவதில்லை. நிரலுக்குள்ளேயே, அந்தந்தச் சமிக்ஞைக்கு மேலே, கருத்துரையாக எழுதப்படுகின்றன. பிறகு ஒரு கருவி அவற்றைத் திரட்டிக் கையேடாக்குகிறது. இதில் பெரிய நன்மை உண்டு, நிரல் மாறினால் பக்கத்திலேயே விளக்கத்தையும் மாற்றிவிடலாம். ஆனால் எழுதுபவர் நிரலைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறார். கடினமான இடத்தில், தானே தடுமாறிய இடத்தில், நின்று விளக்குகிறார். எளிதென்று பட்ட இடத்தில் பெயரே போதும் என்று விட்டுவிடுகிறார். விடை தெரிந்தவர் வினாத்தாள் தயாரிப்பதைப் போல. இழுவைத் தொடக்கம் எளிதான சமிக்ஞை. அதனால்தான் அங்கே வழுக்கியது. என் ‘அழுத்தி நகர்த்துக’வும் அப்படித்தான். நகர்ந்து காட்டும் திரையை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினேன். எனக்கு அது ஒருபோதும் இரண்டு பொருள் தரவில்லை.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது மூத்த ஆசிரியர் ஒருவர், “அம்மா, கணினிக்காரங்க கையேட்டை இலக்கியம் மாதிரி வாசிக்கிறீங்களே, அது தேடிப் பார்க்கிற அகராதி மாதிரிதானே? யாரும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கப்போறதில்லை” என்றார். நியாயமான பேச்சு. ஆனால் ஐயா சொன்ன காரணத்தாலேயே ஒவ்வொரு பதிவும் தன் காலில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். அகராதியைத் திறப்பவர் ஒரு சொல்லைத்தான் பார்ப்பார். பக்கத்துப் பதிவு அவருக்கு உதவிக்கு வராது.

பிறகு வகுப்பில் ஒன்று செய்துபார்த்தேன். செயல்முறை விளக்கம் எழுதச் சொல்லி வழக்கமாகத் தேநீர் போடுவது, மரம் நடுவது என்று கொடுப்போம். இம்முறை ஆளுக்கு ஒரு தொடுசைகை கொடுத்து, “கைபேசியைத் தொட்டே பார்க்காத ஒருவருக்கு மூன்று வாக்கியத்தில் எழுது, ஆங்கிலச் சொல் வேண்டாம்” என்றேன். எழுதியதைப் பக்கத்து மாணவர் வாசித்து, எழுதியபடியே, அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல், விரலால் செய்ய வேண்டும். அமளிதான். ‘திரையில் விரலை வைத்து இழுக்கவும்’ என்ற வாக்கியத்துக்கு ஒரு பையன் கைக்கணினியையே இழுத்துவிட்டான். வேண்டுமென்றே செய்தான், ஆனாலும் வாக்கியம் அதற்கு இடம் கொடுத்தது உண்மை. ‘விரல்களைப் பிரிக்கவும்’ என்று எழுதியதற்கு ஒருத்தி விரல்களைத் திரையிலிருந்து எடுத்துவிட்டுப் பிரித்துக் காட்டினாள். சில பிள்ளைகளுக்கு மூன்று வாக்கியம் எழுதவே வரவில்லை. ‘அமுக்கு’, ‘நகர்த்து’ என்று இரண்டு வினைச்சொல்லோடு நின்றுவிட்டார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு விரலின் வினைகளே தமிழில் பழக்கமில்லை. தடவு, வருடு, ஒற்று, சுண்டு, திருகு, நெருடு என்று பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் மேசைமேல் செய்துகாட்டினேன். அன்றைய பாடத்தில் அதற்குத்தான் அதிக நேரம் போனது.

நீண்ட அழுத்தம் கிடைத்த மாணவி, முதல் நாள் கேள்வி கேட்டவளேதான், இப்படி எழுதியிருந்தாள்: “விரலைத் திரையில் வைத்து அசைக்காமல் இரு. சிறிய பட்டியல் தோன்றும்வரை எடுக்காதே. முன்னாலேயே எடுத்தால் அல்லது விரல் நகர்ந்தால் ஒன்றும் வராது, மறுபடியும் வை.” ஜிடிகே பக்கத்தை அவள் பார்த்ததில்லை. எப்போது வரும், எப்போது வராது, வராவிட்டால் என்ன செய்வது, மூன்றும் இருக்கின்றன. ‘வைத்து’ என்ற இடத்தில் மட்டும் ‘வைத்தபடி’ என்று திருத்தினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “அசைக்காமல் இருன்னு அடுத்து வருதே டீச்சர், அப்புறம் எதுக்கு?” என்றாள். யோசித்துவிட்டு என் திருத்தத்தை அடித்துவிட்டேன்.

மரபுத்தொடர்ப் பயிற்சியின் கட்டளை இப்போது இப்படி இருக்கிறது: “பொருளின்மேல் விரலை வைத்து, விரலை எடுக்காமல், மரபுத்தொடரின் பக்கத்தில் உள்ள கட்டம்வரை மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். கட்டத்துக்குள் வந்ததும் விரலை எடுங்கள். பக்கம் நகர்ந்துவிட்டால் விரலை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.” முன்பு நான்கு சொல், இப்போது மூன்று வாக்கியம். அடுத்த வகுப்புக்குக் கொடுத்தபோது யாரும் எழுந்து வரவில்லை. பாதிப் பயிற்சியில் ஒரு பையன் மட்டும் கேட்டான்: “டீச்சர், தப்பான கட்டத்துல விட்டுட்டா திரும்ப எடுக்க முடியுமா?” முடியும். அதை இன்னும் நான் எழுதவில்லை.